ஆண்டுக்கு 20 நாள் இழுப்பதற்கு ஒரு பழைய டீசல் கார்

தமிழில் கேரவன் என்றதும் நினைவுக்கு வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் ஏசி போட்டு நிற்கும் நட்சத்திரங்களின் வண்டி. "ஹீரோ கேரவனை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார்" என்று கிசுகிசு எழுதுவார்களே, அது. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே கேரவன் என்றால் இஞ்சின் இல்லாத, ஸ்டியரிங் இல்லாத, சக்கரம் மட்டும் உள்ள ஒரு பெட்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருக்கும். சின்ன வீடு என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும் என்பதால் நகரும் வீடு என்றே வைத்துக்கொள்ளலாம் :-) இதைக் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு கார்ன்வால், வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று கோடை விடுமுறைக்குக் கிளம்புவது அந்த ஊர் நடுத்தரக் குடும்பங்களின் பழக்கம்.

பழக்கம் புதிதல்ல. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் 1885ல் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்ய வைத்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஊர் சுற்றக் கிளம்பினார். பொழுதுபோக்குக் கேரவனுக்கு அவரைத்தான் முன்னோடி என்பார்கள். அந்த வண்டி ஏறத்தாழ 2 டன். மேடு வந்தால் குதிரை திணறும். ஆக, முதல் நாளிலிருந்தே இந்தப் பொழுதுபோக்கின் தலைவலி ஒன்றுதான்: இழுப்பதற்கு எது?

இந்தக் கேள்விக்கு பிரிட்டனில் கால் நூற்றாண்டாகச் சொல்லப்படும் பதில், "நல்ல செகண்ட் ஹேண்ட் டீசலாகப் பார்த்து வாங்கு". மாமனார் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கேரவன் விற்பவரும் சொல்வார். பதில் முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. யாருக்குச் சரி, யாருக்குக் காசு கரையும் வழி என்பதுதான் விஷயம்.

முதலில் டீசலுக்கு ஏன் இந்தப் பெயர் என்று பார்க்கலாம். வண்டி வேகமாக ஓட வேண்டும் என்றால் குதிரைத்திறன் வேண்டும். பாரத்தை நின்ற இடத்திலிருந்து நகர்த்தி மேட்டில் ஏற்ற வேண்டும் என்றால் முறுக்குவிசை, அதாவது டார்க் வேண்டும். அதுவும் இஞ்சின் கத்தாமல் குறைந்த சுற்றிலேயே கிடைக்க வேண்டும். டர்போ டீசலின் பலம் அதுதான். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் வந்த 150 குதிரைத்திறன் 2 லிட்டர் டீசல், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கும் கீழேயே 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுத்துவிடும். அதே அளவு பழைய டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் 4,000 சுற்றில் கதறினாலும் 200 நியூட்டன் மீட்டரைத் தொடுவதே பெரும்பாடு. செக்கு மாட்டையும் ரேஸ் குதிரையையும் ஒரே நுகத்தில் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் இல்லையா, அந்த மாதிரி.

இன்னொரு காரணம் வரி. பிரிட்டிஷ் அரசு 2001 மார்ச்சில் கார் வரியைக் கரியமில வாயுவின் அளவோடு முடிச்சுப் போட்டது. டீசல் கார் மைலுக்குக் குறைவான கரியமில வாயு விடும், எனவே வரி குறைவு. அவ்வளவுதான், ஜனங்கள் டீசலுக்குத் தாவினார்கள். ஒரு கட்டத்தில் புதுக் கார்களில் சுமார் பாதி டீசல். நைட்ரஜன் ஆக்ஸைடையும் நுரையீரலையும் பற்றி அப்போது யாரும் அதிகம் கவலைப்படவில்லை. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகனின் புகைச் சோதனை மோசடி வெளியே வந்ததும் காற்று திசை மாறியது. இன்று அங்கே விற்கும் புதுக் கார்களில் டீசல் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விற்றுத் தள்ளிய டீசல்கள் எங்கும் போய்விடவில்லை. அவைதான் இன்றைய செகண்ட் ஹேண்ட் சந்தையின் சரக்கு. தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் கட்டிவிட்டார், இரண்டாமவருக்கு லாபம் என்று கணக்கியல் வகுப்பில் படித்தவர் எவரும் சொல்லிவிடுவார். தேய்மானம் முடிந்த இடத்தில் பராமரிப்பு ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, இழுப்பதற்கு வரலாம். கார் வாங்கப் போகிறவர்கள் பொதுவாக இஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை லிட்டர், எத்தனை குதிரைத்திறன்? முதலில் கேட்க வேண்டியது எடை. கேரவன் 1,350 கிலோ என்றால் அதை இழுக்க இஞ்சினுக்குத் தெம்பு இருந்தால் மட்டும் போதாது, அதை அடக்கிப் பிடிக்கக் காருக்கு உடம்பு வேண்டும். மோட்டார்வேயில் ஒரு பெரிய லாரி உரசினாற்போல முந்திப் போகும்போது காற்று தள்ளும். பின்னால் இருக்கும் பெட்டி லேசாக ஆடும். கார் இலேசானதாக இருந்தால் அந்த ஆட்டம் காரையும் ஆட்டும், காரின் ஆட்டம் மறுபடி பெட்டியை ஆட்டும். பாம்பு நெளிவதுபோல இருப்பதால் அவர்கள் அதை 'ஸ்னேக்கிங்' என்றே சொல்கிறார்கள். நெளிவு ஒரு அளவைத் தாண்டினால் ஸ்டியரிங்கில் எதுவும் இருக்காது, இரண்டும் சேர்ந்து கவிழும். வாலை நாய் ஆட்டலாம், நாயை வால் ஆட்டக் கூடாது.

இதனால்தான் கேரவன் அமைப்புகள் 85 சதவீதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. கேரவனின் உச்ச எடை (எம்.டி.பி.எல்.எம். என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று அதற்கு உண்டு, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக் கூடாத எடை) காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும், அனுபவம் வந்தபின் அதற்கு மேல் போகலாம், ஆனால் 100 சதவீதத்தைத் தாண்டவே வேண்டாம் என்பது அறிவுரை. சட்டம் இல்லை, அறிவுரைதான். கணக்குப் போட்டால், 1,350 கிலோ கேரவனுக்கு 1,588 கிலோ கார் வேண்டும். 1,400 கிலோ காரில் மாட்டினால் 96 சதவீதம். அது அனுபவசாலிக்கே கொஞ்சம் வியர்க்கும் இடம். முதல்முறை கேரவன் வாங்கும் குடும்பம் அந்த இடத்தில் நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.

சட்டம் எங்கே வருகிறது என்றால், தகட்டில். ஒவ்வொரு காரிலும் கதவு இடுக்கிலோ பானட்டுக்குக் கீழேயோ ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் பொதுவாக நான்கு எடைகள். முதலாவது, ஆள், சாமான் எல்லாம் ஏறிய காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் இழுவையும் சேர்ந்த உச்ச எடை. மற்ற இரண்டும் முன் அச்சு, பின் அச்சு. விற்பனை விளம்பரத்தில் "1,600 கிலோ இழுக்கும்" என்று போட்டிருப்பார்கள். அது உண்மைதான், காரில் ஓட்டுநர் மட்டும் இருந்தால்! தகட்டில் கூட்டு எடை 3,500, காரின் உச்ச எடை 2,100 என்று வைத்துக்கொண்டால், நான்கு பேரும் நாய்க்குட்டியும் மூட்டை முடிச்சும் ஏறி கார் நிறைந்த பிறகு கேரவனுக்கு மிஞ்சுவது 1,400 கிலோ. 1,500 கிலோ கேரவனை மாட்டினால் 100 கிலோ அதிகம், அது குற்றம். விளம்பரத்தை நம்பி வாங்கியவருக்கு இது தெரியவே தெரியாது. இரண்டாவது எண் தகட்டில் இல்லாத கார்களும் உண்டு. தயாரித்தவர் இழுக்கவே அனுமதிக்கவில்லை என்று அர்த்தம்.

கியரும் எண்ணை மாற்றும். 2015ல் வந்த கியா சொரென்டோ 2.2 லிட்டர் டீசலில் மேனுவல் கியர் என்றால் 2,500 கிலோ இழுக்கலாம், அதே காரில் ஆட்டோமேட்டிக் என்றால் 2,000 தான். பேட்ஜ் ஒன்று, இஞ்சின் ஒன்று, எண் வேறு. இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதும் சுவாரசியம். ஐரோப்பிய விதிப்படி 12 சதவீத ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். ஆக அது கிளட்சும் கியரும் தாங்குமா என்ற சோதனை. 60 மைல் வேகத்தில் குறுக்குக் காற்றில் வண்டி நேராகப் போகுமா என்பதை அது சொல்லவில்லை. இழுக்கும் எல்லை 2,000 என்றிருக்கும் 1,500 கிலோ காரில் 1,900 கிலோ கேரவனை மாட்டுவது சட்டப்படி சரியாக இருக்கலாம். பின்னால் வருகிறவர் கொஞ்சம் தள்ளியே வருவது நல்லது.

கொக்கியின் மேல் இறங்கும் எடை என்று இன்னொன்று. கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் அழுத்தினால்தான் பெட்டி நிலையாக வரும். 1,350 கிலோவுக்கு 67 முதல் 95 கிலோ. வாங்கப் பார்க்கும் காரின் கொக்கி 75 கிலோதான் தாங்கும் என்றால் விளையாட இடமே இல்லை. இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் கார் வாங்கிவிட்டு, பிறகு கேரவனுக்குள் தண்ணீர் டின்னை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு.

எடைதான் முக்கியம் என்றால் பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஒன்றை வாங்கிப் போட்டால் முடிந்ததே என்று தோன்றும். இரண்டரை டன் கார், 3,500 கிலோ இழுக்கும். விலையும் இறங்கிவிட்டது. யானை விலை குதிரை விலை எல்லாம் பழங்கதை, இப்போது யானையே மலிவு, தீனிதான் விலை. டிஸ்கவரி 3, 4 மாடல்களின் வி6 டீசலில் கிராங்க்‌ஷாஃப்ட் உடைந்த கதைகள் பிரிட்டிஷ் மெக்கானிக்குகளிடம் பிரசித்தம். சில பெரிய வேலைகளுக்கு அந்தக் காரின் பாடியையே சேஸிஸிலிருந்து தூக்கிவிட்டுச் செய்பவர்கள் உண்டு. 6,000 பவுண்டு கொடுத்து வாங்கிய காருக்கு அதே அளவு பில் வந்தால் என்ன செய்வது? பி.எம்.டபிள்யூவின் 2007 முதல் சில ஆண்டுகள் வந்த 2 லிட்டர் டீசலிலும் ஒரு பிரபலமான வியாதி உண்டு. டைமிங் செயின் தேயும். அந்தச் செயினை இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்திருக்கிறார்கள். எனவே மாற்றும் கூலி, பொருளின் விலையைப்போலப் பல மடங்கு. பழைய காரில் பேட்ஜ் கௌரவமாக இருக்கலாம், ஆனால் உதிரி பாகத்தின் விலை எப்போதும் புதுக் காரின் விலைக்கே பொருந்தும். 60,000 பவுண்டு காரை 6,000க்கு வாங்கினாலும் அதன் டர்போ 60,000 பவுண்டு காரின் டர்போதான்.

இதுவரை சொன்னதெல்லாம் இழுக்கும் நாட்களைப் பற்றி. அது ஆண்டுக்கு எத்தனை நாள்? ஸ்விண்டனில் ஒரு குடும்பம் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அப்பா ரயிலில் வேலைக்குப் போகிறார். கார் காலையில் ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கு, மாலையில் சூப்பர் மார்க்கெட்டுக்கு, சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கு. ஆகஸ்டில் இரண்டு வாரம் கார்ன்வால், ஈஸ்டரில் ஒரு நீண்ட வார இறுதி. கூட்டினால் கேரவன் கொக்கியில் இருப்பது அதிகம் போனால் 20 நாள். மீதி 345 நாள் அந்த டீசல் கார் என்ன செய்யும்? ஒன்றரை மைல் போகும், நிற்கும். ஒன்றரை மைல் போகும், நிற்கும்.

இதுதான் டீசலுக்கு எமன். யூரோ 5 விதி வந்த பிறகு, அதாவது ஏறத்தாழ 2010க்குப் பிறகு வந்த டீசல் கார்கள் எல்லாவற்றிலும் புகைப்போக்கியில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர, வண்டி நாற்பது மைல் வேகத்துக்கு மேல் பத்துப் பதினைந்து நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூட ஓட்டத்தில் இஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். எரிப்பு பாதியில் நிற்கும், கரி சேரும், கூடுதலாக ஊற்றிய டீசல் இஞ்சின் ஆயிலில் கலக்கும், ஒருநாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அடைத்த வடிகட்டியை மாற்றினால் 1,000 பவுண்டுக்கு மேல் எளிதாகப் போகும். "கழற்றி எறிந்துவிட்டால் போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். 2014 பிப்ரவரியிலிருந்து அது ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி.யில் தோல்வி. ஏற்கெனவே உள்ளே குடைந்து வைத்த காரை விற்பவர் வாய் திறந்து சொல்லப்போவதில்லை.

எரிபொருள் மிச்சமாகுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இதில் பி.காம் படித்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தக் குடும்பம் ஆண்டுக்கு 1,200 மைல் கேரவனை இழுக்கிறது என்று வைக்கலாம். இழுக்கும்போது டீசல் காலனுக்கு 28 மைல், பெட்ரோல் 22 மைல் என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் சுமார் 53 லிட்டர். லிட்டர் 1.40 பவுண்டு என்றால் 75 பவுண்டுக்குள். ஆண்டுக்கு 75 பவுண்டு மிச்சம் பிடித்து ஒரு வடிகட்டியின் 1,000 பவுண்டை ஈடு கட்டப் பதின்மூன்று ஆண்டு ஆகும். கேரவனே அதுவரை தாங்குமோ என்னவோ. மாறாக, ஆண்டுக்கு 12,000 மைல் மோட்டார்வேயில் வேலைக்கு ஓட்டுகிறவர் இருந்தால் கதை வேறு. கேரவன் இல்லாமல் காலனுக்கு 50 மைல் டீசல், 38 மைல் பெட்ரோல் என்றால் ஆண்டுக்கு 340 லிட்டருக்கு மேல் வித்தியாசம், 480 பவுண்டு. வடிகட்டியும் தானே சுத்தமாகிக்கொள்ளும். அவருக்கு டீசல் வாங்குவதில் இரட்டை லாபம். ஆக, கேரவனை வைத்து டீசலா பெட்ரோலா என்று முடிவு செய்வதே தலைகீழ். அதை முடிவு செய்ய வேண்டியது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கார் எங்கே போகிறது என்பதுதான்.

குறைவாக ஓட்டுகிறவர்கள் கேரவனை விட்டுவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கொஞ்சம் கனமான உடம்புள்ள டர்போ பெட்ரோல் கார் 1,100 அல்லது 1,200 கிலோ கேரவனைத் தாராளமாக இழுக்கும். இரண்டு பேர் தூங்கும் கேரவனும் பிள்ளைகளுக்கு ஒரு கூடாரமும் போதும் என்றால் டீசல் பேச்சே வேண்டாம். இன்னொரு வழி, கடற்கரை ஓரத் தளத்தில் சீசன் முழுக்க இடத்தை வாடகைக்கு எடுத்துக் கேரவனை அங்கேயே நிறுத்திவிடுவது. வருடத்துக்கு இரண்டே தடவை இழுத்தால் போதும். ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இது பிடிக்காது, புரிகிறது.

நகரங்களின் விதிகளையும் பார்க்க வேண்டும். லண்டனில் 2019 ஏப்ரல் 8ல் தொடங்கிய மாசுக் கட்டண வளையம் 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதற்கும் பரவிவிட்டது. டீசல் என்றால் யூரோ 6 இருக்க வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோலுக்கு யூரோ 4 இருந்தாலே போதும். பர்மிங்காமின் நடுப்பகுதியில் 2021 ஜூனிலிருந்து 8 பவுண்டு. கிளாஸ்கோவில் கட்டணம் என்றே இல்லை, உள்ளே போனால் நேரே அபராதம். யூரோ 6 என்பது புதுக் கார்களுக்கு 2015 செப்டம்பரில் கட்டாயமானது, எனவே அதற்கு முந்தைய மலிவு டீசல்களின் விலை ஏன் மலிவு என்று யோசிக்கத் தேவையில்லை. கிராமத்திலேயே இருந்து கிராமத்துக்கே விடுமுறை போகிறவருக்கு மட்டும் யூரோ 5 ஒரு நல்ல பேரம். மற்றவர்கள் 2016க்குப் பிந்தைய காராகப் பார்ப்பதே மேல்.

டீசல்தான் என்று முடிவாகிவிட்டால், எதைப் பார்த்து வாங்குவது? காசு செலவில்லாமல் கிடைக்கும் சிறந்த தகவல், அரசு இணையத்தில் இருக்கும் எம்.ஓ.டி. வரலாறு. கார் எண்ணைத் தட்டினால் ஒவ்வொரு சோதனையிலும் மைல் எவ்வளவு, எது தேறவில்லை, எதை எச்சரித்தார்கள் எல்லாம் வரும். ஆண்டுக்கு 3,000 மைல் மட்டுமே ஓடிய டீசலைப் பார்த்ததும் "அட, குறைவாக ஓடியிருக்கிறதே" என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். ஓடாத டீசல் நோயாளி. மூன்று வருடத்தில் 70,000 மைல் மோட்டார்வேயில் ஓடி, ஒவ்வொரு சர்வீஸும் நேரத்துக்குச் செய்த கம்பெனி கார் அதைவிட ஆரோக்கியமாக இருக்கும். மக்கள் மைலுக்குப் பயந்து அதை மலிவாகவும் விற்கிறார்கள்! சந்தை தவறாக விலை போடும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைக் காட்டலாம்.

ஏற்கெனவே கொக்கி மாட்டிய கார் நல்லதா கெட்டதா என்பது முடியாத விவாதம். நல்லது, ஏனென்றால் புதிதாகக் கொக்கியும் அந்தக் காருக்கென்றே செய்த மின் இணைப்பும் போடச் சில நூறு பவுண்டு ஆகும். கெட்டது, ஏனென்றால் அது எதை இழுத்தது என்று தெரியாது. ஆண்டுக்கு இரண்டு தடவை சைக்கிள் தாங்கியாகவும் இருந்திருக்கலாம், வாரம் தவறாமல் படகை வழுக்குத் துறையில் ஏற்றி இறக்கியும் இருக்கலாம். கிளட்ச் சொல்லிவிடும். உயர்ந்த கியரில் குறைந்த வேகத்தில் சட்டென்று மிதித்தால், இஞ்சின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. இஞ்சினை அணைக்கும்போது தடதடவென்று உதறினால் இரட்டை ஃப்ளைவீல் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் 1,000 பவுண்டைத் தொடும். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் அதன் ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஆறு கியர் ஈரக் கிளட்சுக்கு 40,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பலர் மாற்றுவதில்லை. முன்கூட்டியே போன் செய்து, இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. போனதும் பானட்டைத் தொட்டுப் பார்க்கலாம். டீசலின் நோயெல்லாம் குளிரில் கிளப்பும்போதுதான் வெளியே வரும்.

மின்சாரக் கார் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். 1,600 கிலோ இழுக்கும் டெஸ்லா மாடல் ஒய் இருக்கிறது, 2,500 கிலோ இழுக்கும் கியா ஈ.வி.9 இருக்கிறது. முறுக்குவிசைக்கும் எடைக்கும் குறையே இல்லை. ஆனால் பின்னால் சுவர் மாதிரி ஒரு பெட்டி வந்தால் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பெரும்பாலான சார்ஜிங் இடங்களில் கேரவனோடு நுழையவும் முடியாது. கழற்றி ஓரமாக விட்டு, சார்ஜ் செய்து, திரும்ப மாட்டி... அதுவும் பின் இருக்கையில் அழும் குழந்தையோடு. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல டீசலுக்கு இன்னும் சில ஆண்டு மவுசு இருக்கும்.

ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாற்றம் வந்ததையும் சொல்ல வேண்டும். 1997 ஜனவரிக்குப் பிறகு தேர்வானவர்கள் பெரிய கேரவன் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16ல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ இழுவை வரை போகலாம். லாரிக்கு ஓட்டுநர் தட்டுப்பாடு, தேர்வு நடத்துபவர்களை அங்கே திருப்ப வேண்டும் என்பது காரணம். கேரவன்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பாம்பு நெளிவுக்கு உரிமத்தைப் படிக்கத் தெரியாது. பயிற்சி கட்டாயம் இல்லை என்றாலும், கேரவன் சங்கங்கள் நடத்தும் வகுப்பு ஒன்றுக்குப் போய் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்வது காரில் போடும் காசைவிட உபயோகம். யார்க்ஷயரில் சட்டன் பேங்க் என்று ஒரு மலைச்சாலை, நாலுக்கு ஒன்று ஏற்றம். கேரவனுக்கு அங்கே அனுமதியே இல்லை. எந்த டீசலானாலும் சுற்றித்தான் போக வேண்டும்.

கடைசியாகப் பணம் கொடுக்கும் இடம். தெரு ஓரத்தில் தனியாரிடம் வாங்கினால் மலிவு, ஆனால் பிறகு போய் நிற்க இடமில்லை. டீலரிடம் வாங்கினால் 2015ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறு உள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்த 30 நாளுக்குள் கேரவனை ஒருமுறையாவது மாட்டி, மேடும் மோட்டார்வேயும் உள்ள பாதையில் ஐம்பது மைல் இழுத்துப் பார்த்துவிட வேண்டும். பிப்ரவரியில் கார் வாங்கி ஆகஸ்டில் முதல் தடவை மாட்டினால் அந்த உரிமை எப்போதோ காலாவதி. கூடவே, காரின் விலை 30,000 பவுண்டுக்குள் இருந்தால், முன்பணமாக ஒரு சிறு தொகையையாவது கிரெடிட் கார்டில் கொடுக்கலாம். 1974ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளில் ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கார்டு கம்பெனி டீலரோடு சேர்ந்து பொறுப்பு. டீலர் கடையை இழுத்து மூடிவிட்டாலும் கேட்பதற்கு ஒருவர் மிச்சம் இருப்பார்.